கணினியைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியுமா?
பணிப்பாய்வு அட்டவணையும் பாவனையாக்கக் கருவிகளும்: ஓர் எளிய விளக்கம்



கணினி அறிவியல் செயல்திட்டங்களிலும் தமிழ்மொழிக் கட்டுரைத் தாள்களிலும் ஒரு வாக்கியம் அடிக்கடி வருகிறது: "கணினிகளின் எண்ணிக்கை கூடினால் வேலை விரைவாக முடியும்." படிக்கும்போது சரியாகத்தான் தெரிகிறது. யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரையில் நாம் அதைச் சோதிக்கப் போகிறோம். முதலில் பென்சிலும் தாளும் போதும். பிறகு, ஆய்வாளர்கள் இதே சோதனையை ஆயிரக்கணக்கான பணிகளுக்கு எப்படிச் செய்கிறார்கள், அதற்கு என்னென்ன கருவிகள் வைத்திருக்கிறார்கள், அந்தக் கருவிகள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்போம்.

பணிப்பாய்வு என்றால் என்ன?

ஒரு பெரிய வேலையைப் பல சிறு பணிகளாகப் பிரிக்கிறோம். சில பணிகளை ஒரே நேரத்தில் செய்யலாம். சில பணிகள், முன்னால் இருக்கும் பணி முடிந்த பிறகுதான் தொடங்க முடியும். இப்படி 'எது முடிந்த பிறகு எது' என்ற நிபந்தனையோடு கோக்கப்பட்ட பணிகளின் தொகுப்பே பணிப்பாய்வு. ஆங்கிலத்தில் இதை ஒர்க்ஃப்ளோ என்கிறார்கள். தாளில் வரைந்தால் வட்டங்களும் அம்புக்குறிகளும் வரும். அம்பு ஒரு பக்கமாகவே போகும். சுற்றி வந்து புறப்பட்ட இடத்தையே தொடாது.

உண்மையான எடுத்துக்காட்டு வேண்டுமா? அமெரிக்காவில் உருவான மொண்டாஜ் என்ற வானியல் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். தொலைநோக்கி எடுத்த பல சிறு படங்களை ஒட்டி வானத்தின் ஒரு பெரிய படத்தை அது உருவாக்குகிறது. முதலில் ஒவ்வொரு படத்தையும் ஒரே கோணத்துக்கும் அளவுக்கும் மாற்ற வேண்டும். இதைப் பல கணினிகள் ஒரே நேரத்தில் செய்யலாம். அடுத்து, பக்கத்துப் பக்கத்துப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் வெளிச்ச வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும். எல்லா வேறுபாடுகளையும் ஓரிடத்தில் சேர்த்து, எந்தப் படத்தை எவ்வளவு திருத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். இந்த இடத்தில் எல்லாரும் காத்திருக்கத்தான் வேண்டும். திருத்தம் முடிந்த பிறகு படங்களை ஒட்டலாம்.

தென் கலிபோர்னியாவின் நிலநடுக்க அபாய வரைபடங்களைக் கணக்கிடும் சைபர்ஷேக் இன்னொரு பணிப்பாய்வு. 2015 செப்டம்பர் 14ஆம் தேதி லைகோ கருவிகளில் பதிவான ஈர்ப்பலையை உறுதிசெய்த தரவுப் பகுப்பாய்விலும் பணிப்பாய்வுகள் பயன்பட்டன. இவற்றை நடத்திக் கொடுக்கும் மென்பொருள்களில் பெகாசஸ் பெயர் பெற்றது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் அது உருவானது.

எந்தப் பணியை எந்தக் கணினியில், எந்த நேரத்தில் ஓடவிடுவது? இதை முடிவு செய்வதே பணி அட்டவணையிடல். பள்ளியில் கால அட்டவணை தயாரிக்கும் பொறுப்பை ஒருமுறை ஏற்ற ஆசிரியருக்கு இது எவ்வளவு சிக்கல் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு பாடவேளையை நகர்த்தினால் நான்கு வகுப்புகள் ஆட்டம் காணும்.

பென்சிலால் ஒரு சோதனை

இப்போ ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்குங்க. நம்மிடம் ஒன்பது பணிகள் இருக்கின்றன.

பணி 1: 3 மணி நேரம்
பணிகள் 2, 3, 4: தலா 2 மணி நேரம்
பணிகள் 5, 6, 7, 8: தலா 4 மணி நேரம்
பணி 9: 9 மணி நேரம்

நிபந்தனைகள் இரண்டு. பணி 1 முடிந்த பிறகுதான் பணி 9ஐத் தொடங்கலாம். பணி 4 முடிந்த பிறகுதான் 5, 6, 7, 8 ஆகியவற்றைத் தொடங்கலாம். அட்டவணை விதி ஒன்றே ஒன்று: ஒரு கணினி காலியானதும், தொடங்கத் தயாராக உள்ள பணிகளில் சிறிய எண் கொண்டதை எடுக்கும். தொடங்கிய பணியைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

முதலில் மூன்று கணினிகளோடு பார்ப்போம். தொடக்கத்தில் 1, 2, 3 ஆகிய பணிகள் ஓடும். 2ஆம் மணியில் இரண்டு கணினிகள் காலியாகும். ஒன்று பணி 4ஐ எடுக்கும். மற்றொன்றுக்குத் தயாரான பணி இல்லை, சும்மா நிற்கும். 3ஆம் மணியில் பணி 1 முடியும்; உடனே பணி 9 தொடங்கும். 4ஆம் மணியில் பணி 4 முடியும். 5உம் 6உம் தொடங்கும். 8ஆம் மணியில் 7உம் 8உம் தொடங்கும். 12ஆம் மணியில் எல்லாம் முடிந்துவிடும்.

இப்போ நான்காவது கணினி ஒன்றை வாங்கி வைப்போம். தொடக்கத்தில் 1, 2, 3, 4 நான்கும் ஓடும். 2ஆம் மணியில் மூன்று கணினிகள் காலியாகும். 5, 6, 7 தொடங்கும். 3ஆம் மணியில் பணி 1 முடியும். இப்போது தயாராக இருப்பவை 8, 9. விதிப்படி சிறிய எண்ணான 8 தொடங்கும். அடுத்த கணினி 6ஆம் மணியில்தான் காலியாகும். அப்போதுதான் பணி 9 தொடங்கும். அதற்கு 9 மணி நேரம் தேவை. ஆக, எல்லாம் முடிய 15 மணி நேரம்!

மூன்று கணினிக்கு 12 மணி நேரம். நான்கு கணினிக்கு 15 மணி நேரம். கணக்குத் தப்பா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. தப்பு இல்லை. கணிதவியலாளர் ரொனால்ட் கிரஹாம் 1960களிலேயே இந்த விந்தையை எடுத்துக்காட்டி விளக்கியிருக்கிறார். கணினியைக் கூட்டினாலும், பணிகளின் நேரத்தைக் குறைத்தாலும், நிபந்தனைகளைத் தளர்த்தினாலும்கூட மொத்த நேரம் நீளக்கூடும் என்று அவர் காட்டினார். கூடவே ஓர் ஆறுதலும் சொன்னார்: ஒரே வகையான கணினிகளில், காலியான கணினிக்குத் தயாரான பணியைக் கொடுத்துக்கொண்டே இருந்தால், மொத்த நேரம் சிறந்த அட்டவணையின் நேரத்தைப் போல இரு மடங்கை எட்டாது.

அதெப்படி இப்படி ஆனது?

குற்றம் நான்காவது கணினியில் இல்லை, நம் விதியில் இருக்கிறது. பணி 9 மிக நீளமானது. அதைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பிழைத்தோம். 'சிறிய எண் முதலில்' என்ற விதிக்கு அது தெரியாது. மூன்று கணினி இருந்தபோது, பணி 4 தாமதமானதால் பணி 9க்குத் தற்செயலாக வழி கிடைத்தது. நான்காவது கணினி வந்ததும் அந்த நல்வாய்ப்பு போய்விட்டது.

விதியை மாற்றுவோம். ஒவ்வொரு பணிக்கும், அது தொடங்கியதிலிருந்து அதன் வழியில் உள்ள கடைசிப் பணி முடியும்வரை எவ்வளவு நேரம் என்று கணக்கிடுவோம். பணி 1க்கு 3 + 9 = 12. பணி 9க்கு 9. பணி 4க்கு 2 + 4 = 6. பணிகள் 5 முதல் 8 வரை தலா 4. பணிகள் 2, 3 தலா 2. தயாராக உள்ளவற்றில் பெரிய மதிப்பு உள்ளதை முதலில் எடுப்போம். நான்கு கணினிகளோடு மறுபடி போட்டால், 3ஆம் மணியில் பணி 9 தொடங்கி, 12ஆம் மணியில் எல்லாம் முடியும். 2002இல் வெளிவந்து இன்றுவரை பரவலாகப் பயன்படும் ஹெஃப்ட் என்ற அல்கோரிதத்தின் அடிப்படை எண்ணம் இதுதான். கணினிகள் வெவ்வேறு வேகத்தில் இருந்தால் என்ன செய்வது, தரவு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நேரத்தை எப்படிச் சேர்ப்பது என்பதையும் அது கவனிக்கிறது.

இன்னொன்றையும் கவனிங்க. பணி 1உம் பணி 9உம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும். அதற்கே 12 மணி நேரம் ஆகும். அதனால் நூறு கணினி வைத்தாலும் 12 மணிக்குக் கீழே இறங்க முடியாது. மூன்று கணினியே 12 மணியில் முடித்துவிட்டது. நான்காவது கணினிக்குக் கொடுத்த காசு முழுக்க வீண்.

ஒன்பது பணிக்குப் பென்சில் போதும். ஆயிரம் பணிக்கு?

ஒன்பது பணிகளை வரிசைப்படுத்தவே 3,62,880 வழிகள் உண்டு. நிபந்தனைகள் பலவற்றைக் கழித்துவிடும் என்றாலும், பணிகள் கூடக் கூட எண்ணிக்கை எகிறிவிடும். இத்தகைய அட்டவணைச் சிக்கல்கள் என்பி-முழுமை வகையைச் சேர்ந்தவை என்று ஜெஃப்ரி உல்மன் 1975இல் நிறுவினார். அதாவது, மிகச் சிறந்த அட்டவணையை எப்போதும் விரைவாகக் கண்டுபிடித்துத் தரும் வழி எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் 'பெரும்பாலும் நன்றாக வரும்' விதிகளை உருவாக்கி, ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள்.

அப்படியானால் உண்மையான கணினிகளிலேயே ஒப்பிடலாமே? மூன்று தடைகள் உண்டு. ஒன்று, செலவு: நூறு கணினிகளைப் பல நாள் வாடகைக்கு எடுக்க யாரிடம் பணம் இருக்கிறது? இரண்டு, மறுபடி செய்ய முடியாமை: மேகக் கணிமையில் அதே கணினியைப் பலர் பகிர்கிறார்கள். இன்று வந்த விடை நாளை வராது. விதி மாறியதால் நேரம் மாறியதா, அல்லது கணினியில் அப்போது நெரிசலா என்று பிரித்துச் சொல்வது கடினம். மூன்று, இல்லாததைச் சோதிக்க முடியாமை: இன்னும் வாங்காத கணினியில் எதையும் ஓட்டிப் பார்க்க முடியாது.

இந்த மூன்றுக்கும் விடையாக வருவதே பாவனையாக்கம், அதாவது சிமுலேஷன். உண்மைக் கணினிகளுக்குப் பதிலாக, அவை எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்கிடும் ஒரு நிரல். பணி உண்மையில் ஓடாது. அது எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதை மட்டும் நிரல் குறித்துக்கொண்டே போகும்.

கருவிக்குள் என்ன நடக்கிறது?

நான்கு கணினிக் கணக்கை நீங்கள் போட்டபோது ஒவ்வொரு நிமிடமாகவா எண்ணினீர்கள்? இல்லை. 0, 2, 3, 6, 7, 15 என்ற மணிகளில் மட்டும் நின்றீர்கள். இடையில் எதுவும் மாறவில்லை என்பதால் தாண்டிப் போனீர்கள். பாவனையாக்கக் கருவிகள் பெரும்பாலும் இதையேதான் செய்கின்றன. இதற்கு நிகழ்வுவழிப் பாவனையாக்கம் என்று பெயர். கருவியிடம் ஒரு பொய்க் கடிகாரமும், 'அடுத்து என்ன நடக்கும்' என்ற நிகழ்வுப் பட்டியலும் இருக்கும். பட்டியலில் மிக அருகில் உள்ள நிகழ்வை எடுக்கும். கடிகாரத்தை அந்த நேரத்துக்குத் தள்ளும். காலியான கணினிக்குப் பணி கொடுக்கும். அந்தப் பணி எப்போது முடியும் என்று பட்டியலில் எழுதும். மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் 15 மணி நேர வேலையைக் கண் இமைக்கும் நேரத்தில் ஓட்டிக் காட்ட முடிகிறது.

ஆய்வாளர் கையாளும் சில கருவிகள்

சிம்கிரிட்: ஹென்றி கசனோவா தொடங்கி வைத்தது. 2001இல் இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வந்தது. வலையமைப்பில் பலர் ஒரே நேரத்தில் தரவு அனுப்பினால் வேகம் எப்படிப் பங்கிடப்படும் என்பதை இது கவனமாகக் கணக்கிடுகிறது. இன்று பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் பலர் இதை வளர்க்கிறார்கள்.

கிரிட்சிம், கிளவுட்சிம்: இரண்டுமே ராஜ்குமார் புய்யாவின் பெயரோடு இணைந்தவை. கிளவுட்சிம் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் அவர் தலைமையிலான ஆய்வுக்கூடத்தில் உருவானது. தரவு மையம், மெய்நிகர்க் கணினி, அவற்றுக்கான விலை ஆகியவற்றை ஜாவா மொழியில் அமைத்துப் பார்க்க உதவுகிறது.

ஒர்க்ஃப்ளோசிம்: வெய்வெய் சென், ஈவா டீல்மன் இருவரும் 2012இல் வெளியிட்டது. கிளவுட்சிம்மின் மேல் கட்டப்பட்டது. பணிப்பாய்வுக்கென்றே எழுதப்பட்டதால், மொண்டாஜ் போன்ற மாதிரிப் பணிப்பாய்வுகளை 25 பணி, 100 பணி, 1000 பணி அளவுகளில் கூடவே தருகிறது. ஹெஃப்ட், சிறியதை முதலில் முடிக்கும் மின்-மின், பெரியதை முதலில் முடிக்கும் மேக்ஸ்-மின் ஆகிய விதிகளும் அதில் உண்டு.

ரெஞ்ச்: 2018இல் அறிமுகமானது. சிம்கிரிட்டின் மேல் அமைந்தது. குறைந்த வரிகளில் பணிப்பாய்வுப் பாவனையாக்கம் எழுதலாம். இதன் அடிப்படையில் மாணவர்களுக்கான பாடப் பகுதிகளும் இணையத்தில் இருக்கின்றன.

இவை எல்லாமே திறந்த மூல மென்பொருள்கள். காசு கட்ட வேண்டியதில்லை. ஒரு சாதாரண மடிக்கணினியே போதும்.

கருவி சொன்னால் நம்பிவிடலாமா?

இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுதான். பாவனையாக்கக் கருவி, நீங்கள் அதற்குச் சொன்னதை மட்டுமே அறியும். சொல்லாததை அது பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும்.

நம் பென்சில் கணக்கையே பாருங்க. பணி 4 முடிந்ததும் அதே நொடியில் பணி 5 தொடங்கும் என்று நினைத்தோம். உண்மையில் அப்படி நடக்காது. பணி முடிந்த செய்தி வர வேண்டும், அடுத்த பணி வரிசையில் காத்திருக்க வேண்டும், தேவையான கோப்புகள் வந்து சேர வேண்டும். சில பணிகள் பாதியில் பழுதாகி மறுபடி ஓட வேண்டியிருக்கும். மொண்டாஜில் சில நொடிகளே ஓடும் சிறு பணிகள் ஏராளம். அங்கே ஓடும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் கூடிவிடலாம். இதைத் தவிர்க்கப் பல சிறு பணிகளை ஒரே கட்டாகக் கட்டி அனுப்புவார்கள். இத்தகைய தாமதங்களையும் பழுதுகளையும் விட்டுவிட்டால் விடை உண்மையிலிருந்து வெகுதூரம் விலகிவிடும் என்பதைச் சுட்டிக்காட்டியே ஒர்க்ஃப்ளோசிம் ஆசிரியர்கள் தங்கள் கருவியை முன்வைத்தார்கள்.

அதனால் நல்ல ஆய்வாளர் முதலில் ஒரு சிறு பணிப்பாய்வை உண்மைக் கணினியில் ஓட்டி நேரத்தை அளப்பார். அதே பணிப்பாய்வைக் கருவியிலும் ஓட்டுவார். இரண்டும் நெருங்கி வரும்வரை கருவியின் அமைப்பைத் திருத்துவார். அதற்குப் பிறகுதான் பெரிய கேள்விகளைக் கேட்பார்.

இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. பாவனையாக்கம் மலிவானது என்பதால் நூறு தடவை ஓட்டிவிட்டு, நமக்குச் சாதகமான ஐந்தை மட்டும் அறிக்கையில் போடுவது சுலபம். அந்த அறிக்கையை நம்பி ஒருவர் கணினி வாடகைக்குப் பணம் கட்டினால், நம் நான்காவது கணினி மாதிரி அது வீணாகப் போகலாம். ஓடாத பணிகளைப் பற்றிய முடிவு என்பதால் இதில் நேர்மை கூடுதலாகவே தேவைப்படுகிறது.

செயல்திட்டம் செய்ய விரும்பும் மாணவருக்கு

பெரிய கருவிகளை நிறுவுவதற்கு முன், மேலே உள்ள ஒன்பது பணிகளுக்கு பைத்தான் மொழியில் நீங்களே ஒரு சிறு பாவனையாக்கி எழுதுங்க. கையால் போட்ட 12, 15 என்ற விடைகள் வந்தால் உங்கள் நிரல் சரியான வழியில் போகிறது. பிறகு கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்.

1. கணினிகளின் எண்ணிக்கையை 2 முதல் 6 வரை மாற்றி, மொத்த நேரத்தை வரைபடமாக வரையுங்கள்.
2. குறைந்தது மூன்று விதிகளை ஒப்பிடுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.
3. ஒவ்வொரு பணியின் நேரத்தையும் எழுமாறாகச் சற்றுக் கூட்டிக் குறைத்துப் பல தடவை ஓட்டுங்கள். சராசரியோடு, மிக மோசமான விடையையும் எழுதுங்கள்.
4. உங்கள் மாதிரி எவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை என்று ஒரு பத்தி எழுதுங்கள். ஆசிரியர்கள் இந்தப் பத்திக்குத் தனியாகப் புள்ளி ஒதுக்கலாம்.

அறிக்கையின் முடிவுரையில் "கணினிகள் கூடினால் வேலை விரைவாக முடியும்" என்று எழுதாதீர்கள். "இந்தப் பணிப்பாய்வில், இந்த விதியோடு, மூன்றுக்கு மேல் கணினி சேர்த்தும் பயன் இல்லை" என்பது போல, நீங்கள் சோதித்ததை மட்டும் எழுதுங்கள்.

கலைச்சொற்கள்

பணிப்பாய்வு: ஒர்க்ஃப்ளோ
பணி அட்டவணையிடல்: ஸ்கெடியூலிங்
பாவனையாக்கம்: சிமுலேஷன்
மொத்த முடிவு நேரம்: மேக்ஸ்பேன்
மேகக் கணிமை: கிளவுட் கம்ப்யூட்டிங்
படிமுறை: அல்கோரிதம்

சிந்தனை வினாக்கள்

1. மூன்று கணினிகளே இருக்கட்டும். விதியும் பழைய 'சிறிய எண் முதலில்' விதிதான். ஒன்பது பணிகளும் தலா 1 மணி நேரம் குறைகின்றன. மொத்த நேரம் என்ன? ஏன் குறையவில்லை?
2. மூன்று கணினிகள், பழைய நேரங்கள், பழைய விதி. ஆனால் 5உம் 6உம் இனிப் பணி 4க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மொத்த நேரம் என்ன?
3. உங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கான ஏற்பாடுகளைப் பணிப்பாய்வாக வரையுங்கள். எத்தனை பேர் வந்தாலும் குறைக்க முடியாத மிக நீண்ட வழி எது?

விடைகள்: முதல் வினாவுக்கு 13 மணி நேரம், இரண்டாவதற்கு 16 மணி நேரம். விடையைப் பார்த்ததோடு நிற்காமல், எந்த மணியில் பணி 9 பின்னுக்குத் தள்ளப்பட்டது என்பதையும் கண்டுபிடியுங்கள்.